உங்களுக்குத் தெரியுமா? பின்பக்கம் மூலையே இல்லாத கருவறை

வடசென்னையில் காலடிப்பேட்டை மெட்ரோவுக்கு அடுத்த நிறுத்தம் திருவொற்றியூர் தேரடி. அங்கே இறங்கி தியாகராஜர் கோயிலுக்குப் போகிறவர்கள் மூலவர் ஆதிபுரீஸ்வரரை வணங்கிவிட்டு, கருவறையின் பின்பக்கமும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். முன்புறம் நேராக வரும் கருங்கல் சுவர், பின்னால் திரும்புகிற இடத்தில் மூலையே இல்லாமல் அரைவட்டமாக வளைந்து மறுபக்கம் போய்ச் சேருகிறது. மேலிருந்து பார்த்தால் லாட வடிவம். கூரையும் அதே வளைவில், படுத்திருக்கும் யானையின் முதுகுபோல உருண்டிருக்கும். தமிழில் இது தூங்கானை மாடம். சிற்ப நூல்களில் கஜபிருஷ்டம்.

முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில், மடத் தலைவர் சதுரானன பண்டிதர் முயற்சியில் இந்தக் கற்றளி எழுந்தது. கட்டியவர் ரவி என்கிற வீரசோழத் தச்சன். தச்சரின் பெயரைக் கல்வெட்டு சொல்வது அபூர்வம். வடசென்னை பெருமைப்பட வேண்டிய பெயர் இது.

நேர்ச்சுவருக்குக் கல்லைச் சதுரமாக வெட்டினால் போதும். வளைசுவரிலோ ஒவ்வொரு கல்லின் வெளிமுகத்தையும் வட்டத்தின் வளைவுக்கு ஏற்பச் செதுக்க வேண்டும். அடித்தளத்தின் உருண்ட குமுதம் முதல் மேலே கூரை விளிம்பான கொடுங்கை வரை எல்லா வரிகளும் பிசிறில்லாமல் கூடவே வளைய வேண்டும்.

தொண்டை மண்டலத்துக்கு இந்த வடிவம் மிகவும் பிடித்தது. திருமுல்லைவாயில், பாடி திருவலிதாயம், திருத்தணி வீரட்டானேஸ்வரர் கோயில்களிலும் காணலாம். இதே வடிவில் உள்ள மாமல்லபுரத்து நகுல சகாதேவ ரதத்தின் பக்கத்தில் பல்லவச் சிற்பிகள் ஒரு கல்யானையையே நிறுத்தியிருக்கிறார்கள்.