வரிசையும் வயதும்

“பொறுத்தார் பூமியாள்வார்” என்பது பழமொழி. ஆனால் எதற்காகப் பொறுக்கிறோம், எத்தனை ஆண்டு பொறுக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு பொறுப்பதே அறிவுடைமை. நம் ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் சிப்காட் தொழிற்பேட்டையும், எல்லைக்கு அப்பால் பெங்களூரும் பலருக்கு வேலை தந்தன. அங்கிருந்து அமெரிக்கா சென்றோரும் பலர். அவர்கள் தம் உடன்பிறந்தாரை அழைத்துக்கொள்ள மனுச் செய்தபின் இங்குள்ள குடும்பம் எப்படிக் காத்திருக்கிறது என்பதை, எங்கள் வீட்டு அனுபவத்தைக் கொண்டே விளக்க விரும்புகிறேன்.

1946-இல் இயற்றிய சட்டத்தின்படி அமெரிக்கா ஆண்டுக்கு 100 இந்தியரையே குடியேற அனுமதித்தது. 1965-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நிலையை மாற்றி, உறவின் அடிப்படையில் கதவைத் திறந்தது. அமெரிக்கக் குடிமகனின் கணவன் அல்லது மனைவி, 21 வயது நிரம்பாத பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. உடன்பிறந்தோருக்கு உண்டு. உலகம் முழுமைக்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 65,000 விசாக்களே. அதிலும் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீத உச்சவரம்பு. கேட்போர் பல மடங்கு, ஆகவேதான் வரிசை.

மனு பதிவான நாளே நமது வரிசை எண். இதை ‘முன்னுரிமை நாள்’ என்பர். எந்த நாள்வரை மனுச் செய்தோருக்கு முறை வந்துள்ளது என்பதை அமெரிக்க வெளியுறவுத்துறை மாதந்தோறும் அறிவிக்கிறது. அந்த நாள் சில மாதம் நகரும், சில மாதம் நிற்கும், பின்னோக்கிச் செல்வதும் உண்டு. இந்திய உடன்பிறப்புகளின் வரிசையில் 2025-இல்தான் 2006-ஆம் ஆண்டு மனுக்களுக்கு முறை வந்துகொண்டிருந்தது.

என் பெரியம்மா அம்மாவுக்காக மனுச் செய்தது 2006-இன் தொடக்கத்தில். அப்போது அக்காவுக்கு 6 வயது, நான் கைக்குழந்தை. அன்று முதல் அம்மா திங்கள்தோறும் ஓசூர் மலைமீதுள்ள சந்திரசூடேசுவரரை வலம் வந்தார். ஐதராபாத்துக்கு அருகிலுள்ள சில்கூர் பாலாஜி கோயிலில் விசா வேண்டுவோர் 11 முறை சுற்றுவதும், கிடைத்தபின் 108 முறை சுற்றுவதும் வழக்கம். அம்மா அங்கும் சென்று வந்தார். அவருடைய வேண்டுதல் இரண்டு. ஒன்று, தேதி நகர வேண்டும். மற்றொன்று, பெரியம்மா நீண்ட நாள் வாழ வேண்டும். மனுச் செய்தவர் மறைந்தால் மனுவும் பொதுவாக ரத்தாகிவிடும் என்பதால், பாசத்தோடு இந்த அச்சமும் கலந்திருந்தது.

ஆனால் தேதி நகரும்போது பிள்ளைகளின் வயதும் நகர்கிறதே! பெற்றோருடன் செல்லும் பிள்ளை மணமாகாதவராகவும் 21 வயதுக்கு உட்பட்டவராகவும் இருக்க வேண்டும். 2002-இல் வந்த ஒரு சட்டம் இதில் சிறிது சலுகை தருகிறது. முறை வரும் நாளில் உள்ள வயதிலிருந்து, மனு ஒப்புதலுக்காக நிலுவையில் இருந்த காலத்தைக் கழிக்கலாம். ஒப்புதலுக்குப் பின் வரிசையில் நின்ற காலத்தைக் கழிக்க முடியாது.

எங்கள் மனு நிலுவையில் இருந்தது 4 ஆண்டு. 2025-இல் முறை வந்தபோது எனக்கு வயது 20, கழித்தால் 16. அக்காவுக்கு 25 வயதும் 5 மாதமும். கழித்தால் 21 வயதும் 5 மாதமும். ஐந்தே மாதத்தில் அக்கா வரிசைக்கு வெளியே நின்றுவிட்டாள். மணமானால் வாய்ப்புப் போய்விடும் என்று எண்ணி, வந்த இரண்டு நல்ல வரன்களை வீட்டில் தள்ளிவைத்திருந்தனர். இந்தக் கழித்தல் கணக்கை எங்கள் முகவர் ஒருமுறையும் போட்டுக் காட்டவில்லை.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததன்று. எல் சால்வடார் நாட்டைச் சேர்ந்த ரோசலினா குவெல்லார் தெ ஓசோரியோ என்ற தாய்க்கு 2005-இல் விசா முறை வந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அவருடைய மகனுக்கு 21 வயது நிரம்பியிருந்தது. வழக்கு அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை சென்றது. இத்தகைய பிள்ளைகள் பழைய முன்னுரிமை நாளைக் கோர முடியாது என 2014-இல் தீர்ப்பாயிற்று. அக்காவுக்காக அம்மா அங்கிருந்து புதிய மனுச் செய்யலாம். ஆனால் அது மறுபடியும் பல ஆண்டு வரிசை, அதுவரையிலும் மணம் கூடாது.

ஆவணங்களிலும் கவனம் வேண்டும். பெரியம்மா 1964-இல் பிறந்தபோது ஓசூர் சேலம் மாவட்டம். அம்மா 1974-இல் பிறந்தபோது தருமபுரி மாவட்டம். 2004-இலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம். ஒரே வீட்டில் பிறந்த சகோதரிகளின் சான்றிதழ்களில் இரு மாவட்டங்கள்! மும்பைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் செய்யும் அதிகாரிக்கு நம் மாவட்டப் பிரிவினை தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. 1965, 2004 ஆகிய ஆண்டுகளின் பிரிவினைகளை விளக்கும் குறிப்பு ஒன்றைச் சான்றிதழ்களுடன் இணைத்து வைத்திருக்கிறோம்.

மாணவ நண்பர்களே! வேண்டுதல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருபதாண்டுக் காத்திருப்பில் அம்மாவைத் தாங்கி நின்றது அதுதான். ஆனால் உங்கள் வீட்டிலும் இத்தகைய மனு இருக்குமானால், அது பதிவான நாள், ஒப்புதல் வந்த நாள், உங்கள் பிறந்த நாள் ஆகிய மூன்றையும் இன்றே ஒரு தாளில் எழுதிக் கழித்துப் பாருங்கள். விடை 21-ஐத் தாண்டும் என்று தெரிந்தால், அந்தப் பிள்ளையின் படிப்பையும் திருமணத்தையும் வரிசைக்காக நிறுத்திவைக்காதீர்கள். எங்கள் வீட்டில் அக்காவுக்கு மீண்டும் வரன் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். அம்மாவின் திங்கட்கிழமை வேண்டுதல் இப்போது அதற்காகத்தான்.