துருவை நீக்கும் வட்டுகள்

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே, அரபிக்கடலோரம் அமைந்துள்ள ஊர் விழிஞ்ஞம். ஆய் மன்னர்கள் காலத்திலேயே துறைமுகமாக விளங்கிய இவ்வூரில், 2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் புதிய பெருந்துறைமுகம் வணிகப் பணியைத் தொடங்கியது. அங்குள்ள பளுதூக்கிகள் முதல் மீன்பிடிப் படகின் நங்கூரம் வரை எங்கும் இரும்பே பயன்படுகிறது. அவ்விரும்பின் பகை துரு. நீரும் உயிர்வளியும் சேர்ந்து இரும்பைத் துருவாக்குகின்றன; கடல் உப்பு அதனை விரைவுபடுத்துகிறது. துருவை மலையாளத்தில் 'துரும்பு' என்பர். தமிழிலோ துரும்பு என்பது சிறு குச்சியைக் குறிக்கும்.

துருவின்மேல் வண்ணம் பூசினால், அவ்வண்ணம் துருவோடு சேர்ந்து உரிந்துவிடும். உள்ளே அரிப்பு தொடரும். ஒருநாள் கம்பி முறியும். ஆகவே, பூசுவதற்கு முன் துருவை நீக்குதல் இன்றியமையாதது. முதலில் நன்னீரால் உப்பைக் கழுவி, உலர்த்த வேண்டும். பின்னரே கை கிரைண்டரில் தேய்ப்பு வட்டைப் பொருத்தித் தேய்க்க வேண்டும்.

தமிழ் தந்த பெயர்

பழைமையான தேய்ப்புப் பொருள்களுள் ஒன்று குருந்தக்கல். இது அலுமினிய ஆக்சைடு என்னும் கனிமம். மாணிக்கமும் நீலமும் இதன் வகைகளே. ஆங்கிலத்தில் இதனைக் குறிக்கும் 'கொரண்டம்' என்னும் சொல், 'குருந்தம்' என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்தது. 1891ஆம் ஆண்டு சிலிக்கன் கார்பைடைச் செயற்கையாக உருவாக்கிய எட்வர்ட் அச்செசன் அதற்குக் 'கார்போரண்டம்' எனப் பெயரிட்டார். அப்பெயரிலும் குருந்தம் ஒலிக்கிறது.

வட்டுகளின் வகைகள்

பட்டறையில் 'கட்டிங் வீல்' எனப்படும் மெல்லிய வட்டு, விளிம்பால் வெட்டுவதற்கு மட்டுமே உரியது. அதன் பக்கத்தால் தேய்த்தால் வட்டு உடையும். 'கிரைண்டிங் வீல்' தடிப்பானது. பற்றவைப்பின் மேடுகளைக் குறைக்க உதவும். உப்புத்தாள் துண்டுகளை மீன் செதிள்போல் அடுக்கி ஒட்டியது 'பிளாப் டிஸ்க்'. அது தேய்ப்பதோடு மேற்பரப்பைச் சீராக்கவும் செய்யும். கம்பித் தூரிகை உதிரும் துருவை அகற்றும். ஆனால் கெட்டியான துருவைப் பளபளப்பாக்கி விட்டுவிடக்கூடும். நைலான் இழை வட்டு, உலோகத்தை மிகுதியாகக் குறைக்காமல் பழைய வண்ணத்தையும் துருவையும் நீக்கும். எனவே மெல்லிய தகட்டிற்கு அதுவே ஏற்றது.

எண் கூறும் செய்தி

தேய்ப்பு வட்டில் 40, 80, 120 போன்ற எண்களைக் காணலாம். இவை துகளின் அளவைக் குறிப்பன. எண் சிறிதாயின் துகள் பெரிது. எண் பெரிதாயின் துகள் சிறிது. கடுந்துருவை 40 நீக்கும்; அது விட்ட கீறல்களை 80 குறைக்கும்; மென்மையாக்க 120 பயன்படும். ஆயினும், வண்ணம் பூசவேண்டிய பரப்பைக் கண்ணாடிபோல் வழவழப்பாக்குதல் கூடாது. சிறிது சொரசொரப்பு இருந்தால்தான் வண்ணம் பற்றும். கடற்காற்றில் தேய்த்த இரும்பு விரைவிலேயே மீண்டும் துருப்பிடிக்கும் என்பதால், அன்றே முதற்பூச்சு இடுதல் நன்று.

உலோகத்திற்கு ஏற்ற தேர்வு

சாதாரண இரும்பிற்கு அலுமினிய ஆக்சைடு வட்டு போதுமானது. எவர்சில்வர் எனப்படும் துருப்பிடிக்கா எஃகிற்குச் சிர்கோனியா வட்டு பொருந்தும். இரும்பைத் தேய்த்த வட்டை எவர்சில்வரில் பயன்படுத்தலாகாது. இரும்புத்துகள் அதில் பதிந்து, துருப்பிடிக்காத உலோகத்திலும் துருக்கறை தோன்றும். மென்மையான அலுமினியம் சாதாரண வட்டின் துகள்களிடையே அடைத்துக்கொள்ளும். அதற்கென உரிய வட்டையே வாங்க வேண்டும்.

உயிர் காக்கும் கணக்கு

ஒவ்வொரு வட்டிலும் அது ஒரு நிமிடத்தில் அதிகமாக எத்தனை முறை சுழலலாம் என்பது அச்சிடப்பட்டிருக்கும். 100 மி.மீ. வட்டிற்கு அது ஏறத்தாழ 15,300, 180 மி.மீ. வட்டிற்கு ஏறத்தாழ 8,500. சிறிய கை கிரைண்டர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 11,000 முறை சுழலும். அதில் சிறிய வட்டின் விளிம்பு மணிக்கு 200 கி.மீ.க்கும் மேற்பட்ட வேகத்தில் செல்லும். காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு அதே கருவியில் பெரிய வட்டைப் பொருத்தினால், வேகம் வரம்பை மீறும். வட்டு சிதறித் துண்டுகள் பறக்கும்.

பிசினால் பிணைக்கப்பட்ட வெட்டு வட்டு, அரைப்பு வட்டு ஆகியவற்றின் நடுவளையத்தில் காலாவதி நாள் பொறிக்கப்பட்டிருக்கும். ஈரம் பிசினைத் தளர்த்தும் என்பதால், கடலோர ஊர்களில் வட்டுகளை உலர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். விரிசல் கண்ட வட்டையும் கீழே விழுந்த வட்டையும் பயன்படுத்தலாகாது.

இக்கருவியைச் சிறுவர் தொடுதல் கூடாது. ஆயினும், பணிக்குப் புறப்படும் தந்தையிடம், "அப்பா, கண்ணாடி எடுத்துக்கொண்டீர்களா? வட்டின் நாளைப் பார்த்தீர்களா?" என்று கேட்கலாம். பிழைப்பிற்காகத் தொலைவூர் வந்த உழைப்பாளிக்குக் கண்ணும் கையுமே முதல்.

பயிற்சி

1. 'துரும்பு' என்னும் சொல் தமிழிலும் மலையாளத்திலும் எப்பொருளில் வழங்குகிறது?
2. பெரிய வட்டைச் சிறிய கருவியில் பொருத்தலாகாது. ஏன்? எண்களைக் கொண்டு விளக்குக.
3. வீட்டாரிடம் கேட்டு, பட்டறையில் வழங்கும் ஐந்து கருவிப் பெயர்களை எழுதுக.