ஆய்வக விலங்குகளும் ஒவ்வாமையும்: தடுப்பது எப்படி?

நம்மிடம் அறிவியல் பிரிவில் படிக்கும் மாணவர்களில் சிலர் கால்நடை மருத்துவம், மருந்தியல், உயிரித் தொழில்நுட்பம் போன்ற படிப்புகளுக்குச் செல்கிறார்கள். சிலர் ஆய்வக உதவியாளர்களாகவும் விலங்குப் பராமரிப்பாளர்களாகவும் பணியில் சேர்கிறார்கள். எலி கடிக்கும், முயல் பிறாண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். எலிக்கூண்டுகள் உள்ள அறையின் காற்றும் நோய் தரலாம் என்பது பலருக்குத் தெரியாது.

அமெரிக்காவின் தேசியப் பணிப் பாதுகாப்பு மற்றும் சுகாதார நிறுவனம் 1998-இல் ஓர் எச்சரிக்கைக் குறிப்பை வெளியிட்டது. ஆய்வக விலங்குகளைக் கையாள்வோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு ஒவ்வாமை அறிகுறிகளும், பத்தில் ஒருவருக்கு ஆஸ்துமா அறிகுறிகளும் இருப்பதாக அது கூறியது.

காரணம் எது?

எலியின் முடிதான் காரணம் என்று நாம் நினைப்போம். முதன்மையான காரணம் அதன் சிறுநீர். எலி, சுண்டெலி ஆகியவற்றின் கல்லீரலில் உருவாகும் சில புரதங்கள் சிறுநீரில் வெளியேறுகின்றன. ஆண் விலங்குகளில் இவை அதிகம். கூண்டில் பரப்பிய உமியிலும் மரத்தூளிலும் சிறுநீர் காய்ந்ததும் இப்புரதங்கள் தூசியுடன் கலக்கின்றன. கூண்டைக் கவிழ்த்துத் தட்டும்போது அத்தூசி எழுந்து, மூச்சுடன் உள்ளே செல்கிறது. முயல், கினிப்பன்றி ஆகியவற்றின் உமிழ்நீரும் உதிரும் தோல் செதில்களும் இவ்வாறே ஒவ்வாமையைத் தூண்டுகின்றன.

உடலில் நிகழ்வது என்ன?

மேல்நிலை வகுப்பில் நாம் கற்பிக்கும் நோய்த்தடைக்காப்பியல் பாடம்தான் இங்கும். முதலில் எந்த அறிகுறியும் தெரியாது. உடல் அப்புரதத்துக்கு எதிராக இம்யூனோகுளோபுலின் ஈ என்னும் எதிர்ப்பொருளை உருவாக்கி, மாஸ்ட் செல்களின் மேல் நிறுத்தி வைக்கிறது. பின்னர் அதே புரதம் வரும்போது மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினை வெளியிடுகின்றன. தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு, தோல் தடிப்பு ஆகியவை தோன்றுகின்றன. சிலருக்கு இது ஆஸ்துமாவாக வளர்கிறது. பெரும்பாலோருக்குப் பணியில் சேர்ந்த முதல் மூன்று ஆண்டுகளுக்குள் அறிகுறிகள் தொடங்கிவிடுகின்றன.

தடுக்கும் வரிசை

1. தூசி எழாமல் தடுத்தல்: தூசி குறைந்த படுக்கைப் பொருளையோ உறிஞ்சும் விரிப்பையோ பயன்படுத்தலாம். ஓர் அறையில் விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். வடிகட்டியும் தனிக் காற்றோட்டமும் கொண்ட கூண்டுகள் பெரிதும் உதவும்.

2. எழுந்த தூசியை அகற்றுதல்: கூண்டுகளைக் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்புக்குள் வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

3. பணியாளரைக் காத்தல்: கையுறை, மேலங்கி, தலையுறை ஆகியவற்றுடன் முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தும் என்-95 வகைக் கவசம் தேவை. சாதாரண அறுவை முகக்கவசத்தின் ஓரங்கள் வழியே தூசி நுழைந்துவிடும்.

இந்த வரிசை முக்கியமானது. முதல் இரண்டையும் விட்டுவிட்டு முகக்கவசத்தை மட்டும் நம்பினால் பாதுகாப்பு முழுமையாகாது. மேலும், பணி உடையை ஆய்வகத்திலேயே விட்டுவர வேண்டும். இத்துறைப் பணியாளர்களின் வீட்டு மெத்தைகளிலும் எலிப் புரதம் கண்டறியப்பட்டுள்ளது.

மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியவை

ஒவ்வாமைத் தன்மையோ ஆஸ்துமாவோ உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். அதனால் அவர்கள் இத்துறைக்கே போகக்கூடாது என்பதில்லை. மருத்துவ ஆலோசனையும் தொடர் கண்காணிப்பும் வேண்டும். இப்பிரச்சினை இல்லாதவர்களுக்கும் ஒவ்வாமை வரலாம்.

பணிநாளில் வரும் தும்மல் விடுமுறையில் குறைகிறதா என்று கவனிக்கச் சொல்லுங்கள். குறைந்தால் அது பணியிடம் தரும் எச்சரிக்கை. வேலை போய்விடுமோ என்று அஞ்சி, மாத்திரை போட்டுக்கொண்டு மறைப்பவர்கள் உண்டு. அறிகுறி அடங்கினாலும் தூசி உள்ளே சென்றுகொண்டுதான் இருக்கும். ஆஸ்துமா முற்றியபின் வேலையை விட்டாலும் அது முழுமையாக நீங்காமல் போகலாம். தொடக்கத்திலேயே தெரிவிப்பதுதான் உடலையும் வேலையையும் காக்கும்.

ஒரு வகுப்பறைச் செயல்பாடு

சன்னல் வழியே வெயில் விழும் நேரத்தில் கரும்பலகையின் ஒரு பாதியை உலர்ந்த துணியாலும் மறுபாதியை ஈரத்துணியாலும் துடையுங்கள். மாணவர்கள் சற்றுத் தள்ளி நின்று, ஒளிக்கற்றையில் மிதக்கும் சுண்ணத்தூளை ஒப்பிடட்டும். “இந்தத் தூசியைக் குறைக்க முகக்கவசம் அணிவது முதல் வழியா, ஈரத்துணியா?” என்று கேளுங்கள். விடையை அவர்களே சொல்லிவிடுவார்கள்.