200 யூனிட் அல்ல, உங்கள் யூனிட் எவ்வளவு?

பெங்களூரில் வீட்டுக்கு 200 யூனிட் மின்சாரம் இலவசம் என்று பலரும் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாமல் போவதால்தான் எதிர்பாராத பில் வருகிறது.

கர்நாடக அரசின் கிருஹ ஜோதி திட்டம் 2023 ஜூலை மாத மின்நுகர்விலிருந்து நடப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் என்று எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு. இங்கே வீட்டுக்கு வீடு மாறும். 2022-23ஆம் ஆண்டில் உங்கள் இணைப்பில் பதிவான மாதச் சராசரி, அதனுடன் பத்து சதவீதம்: பெரும்பாலான வீடுகளுக்கு அதுதான் இலவச அளவு. சராசரி 100 என்றால் 110 யூனிட் வரை பில் கிடையாது. 150 ஓடினால் மேலதிக 40 யூனிட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். 200-ஐத் தாண்டிவிட்டால் சலுகையே இல்லை. முழு பில்லும் உங்கள் தலையில். பழைய கணக்கு இல்லாத புது வீடுகளுக்கு 58 யூனிட்.

ஆகவே '200 யூனிட் இலவசம்' என்பதை மறந்துவிடுங்கள். உங்கள் எண் எது என்று பாருங்கள்.

பழக்கம் யூனிட்டாகும் இடம்

ஏசி இல்லாத பெங்களூர் வீடுகளில் அதிகம் இழுப்பது கீசர். 2 கிலோவாட் கீசர் அரை மணி நேரம் சூடேறினால் 1 யூனிட். தினமும் அப்படியென்றால் மாதம் 30 யூனிட். 110 யூனிட் வீட்டில் கால் பங்குக்கு மேல் இதிலேயே போகிறது. ஒருவர் பின் ஒருவராக உடனே குளித்து முடித்தால் தண்ணீரை மறுபடி மறுபடி சூடேற்ற வேண்டியதில்லை. 75 வாட் பழைய மின்விசிறி தினமும் பத்து மணி நேரம் ஓடினால் மாதம் 22 யூனிட்டுக்கு மேல் ஆகும். மின்சாரம் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி மின்விசிறிக்கு 9 யூனிட் போதும்.

கருவி மட்டுமல்ல, நினைப்பும் யூனிட்டை ஏற்றும். கலிபோர்னியாவின் சான் மார்கோஸ் நகரில் ஆய்வாளர்கள் வீட்டுக்காரர்களிடம் அக்கம்பக்கத்து மின்நுகர்வுச் சராசரியைத் தெரிவித்துப் பார்த்தார்கள். 2007இல் வெளியான அந்த ஆய்வில், அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள். குறைவாகச் செலவழித்து வந்தவர்களோ கூட்டிவிட்டார்கள். '200 வரை இலவசம்தானே' என்ற நினைப்பும் சிக்கனமான குடும்பத்தை இப்படித்தான் மேலே இழுக்கும். வாரம் ஒருமுறை மீட்டர் ரீடிங்கைக் குறித்து வைப்பதே இதற்கு நல்ல மருந்து. மாதம் முடியுமுன்பே எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும்.

வாடகைக்கு இருப்பவர்கள் கவனத்துக்கு

இத்திட்டம் வாடகைதாரருக்கும் உண்டு. நீங்கள் குடியிருக்கும் வீட்டின் மின் இணைப்பு எண்ணுடன் உங்கள் ஆதாரை இணைத்து, அரசின் சேவா சிந்து இணையதளத்தில் பதிய வேண்டும். ஒருவருக்கு ஒரு இணைப்புதான். வீடு மாறும்போது பழைய இணைப்பிலிருந்து ஆதாரை விடுவிக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் புது வீட்டில் பதிய முடியாது. புது வீட்டின் இலவச அளவு அந்த வீட்டின் பழைய கணக்கைப் பொறுத்தது என்பதால், முன்பணம் கொடுக்குமுன் பழைய பில்லைக் கேட்டுப் பாருங்கள். பல குடித்தனங்களுக்கு ஒரே மீட்டர் என்றால் 200-ஐத் தாண்டுவது எளிது. வீட்டுக்காரர் கரண்டுக்குப் பணம் வாங்கினால், பெங்களூர் மின் விநியோக நிறுவனமான பெஸ்காமின் பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

பில் தவறென்று தோன்றினால்

முதலில் மெயினை அணைக்காமல், வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும் அணைத்து, பிளக்குகளையும் கழற்றிவிட்டு மீட்டரைப் பாருங்கள். அப்போதும் மீட்டரிலுள்ள சிறு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால் கசிவு இருக்கலாம்; எலக்ட்ரீஷியனை அழையுங்கள். கோளாறு மீட்டரில் என்று தோன்றினால் பெஸ்காமின் 1912 எண்ணில் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 2024இல் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகளின்படி, ரீடிங் பற்றிப் புகார் தந்த ஐந்து நாளுக்குள் சரிபார்ப்பு மீட்டர் ஒன்றைப் பொருத்த வேண்டும். அங்கே தீராவிட்டால் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கும் மேல் மின்சார ஆம்பட்ஸ்மேன். இரண்டும் 2003 மின்சாரச் சட்டம் தந்த வழிகள்.

'பில் கட்டவில்லை, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும்' என்று குறுஞ்செய்தி வந்தால் பதறாதீர்கள். அதே சட்டத்தின் 56ஆம் பிரிவு, பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்குமுன் 15 நாள் எழுத்து மூல நோட்டீஸ் தரவேண்டும் என்கிறது. அந்தச் செய்தியிலுள்ள எண்ணை அழைக்காதீர்கள், லிங்க்கைத் தொடாதீர்கள். 1912இல் கேட்டு உறுதி செய்யுங்கள்.

இந்த மாத பில் வந்ததும் இலவச அளவு எவ்வளவு, செலவான யூனிட் எவ்வளவு என்ற இரண்டையும் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். சுவிட்சைப் போடும் ஒவ்வொருவருக்கும் அந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.