மெட்டுக்கு எழுதிய பாட்டும் உரைகாரர் ஊரும்

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை நீளும் தொழிற்பேட்டைகளுக்குச் சீன மொழி அந்நியமல்ல. சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஒரு தைவான் நிறுவனம். சீனம் பேசும் பொறியாளர்கள் அங்கே வந்து வேலை பார்த்திருக்கிறார்கள். வணிகம் வந்தால் பின்னாலேயே இலக்கியமும் வந்துவிடும் என்றொரு நம்பிக்கை நமக்கு உண்டு. வராது. அதற்கு யாராவது ஆயுளைச் செலவிட்டாக வேண்டும். சீனாவின் மிகப் பழைய தொகைநூலான ஷிஜிங்கின் பாடல்களைச் சீன மூலத்திலிருந்தே தமிழாக்கி, 2012இல் ‘வாரிச் சூடினும் பார்ப்பவரில்லை’ என்ற நூலாகத் தந்தவர் பயணி என்ற ஸ்ரீதரன் மதுசூதனன். இந்திய வெளியுறவுப் பணி அவரைச் சீனாவுக்கு அனுப்பியது உண்மை. ஆனால் மூவாயிரம் ஆண்டுப் பழமையை நெருங்கும் பாடல்களோடு மல்லுக்கட்டச் சொல்லி எந்த அலுவலகமும் உத்தரவு போடுவதில்லை.

சீனர்களிலேயே பழம்பாட்டுக்காக வாழ்ந்தவர் என்றால் யே ஜியாயிங்கைச் சொல்லலாம். 1924இல் பெய்ஜிங்கில் பிறந்தவர். கல்லூரியில் ஆசிரியர் கு சுய் நடத்திய பாடங்களை எழுதிவைத்த குறிப்பேடுகளைப் போன இடமெல்லாம் சுமந்தார். பிற்காலத்தில் அவை நூலாயின. 1948இல் தைவானுக்குப் போனார். மறு ஆண்டே அரசியல் சந்தேகத்தில் கணவர் கைதானார். பிறகு கைக்குழந்தையோடு இவரும் காவலில் வைக்கப்பட்டார். 1969 முதல் வான்கூவரில் ஆசிரியர் வேலை. சீனக் கவிதையை ஆங்கிலத்தில் நடத்த வேண்டியிருந்ததால் இரவெல்லாம் அகராதியோடு கழிந்தது. 1979இல் சீனாவின் நான்காய் பல்கலைக்கழகத்தில் வகுப்பெடுத்தபோது இடம் போதாமல் அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள். மாணவர்கள் கள்ளச்சீட்டு தயாரித்து நுழைந்தார்கள். பழம்பாட்டுக்கு இப்படியொரு கூட்டம்! சேர்த்ததில் மூன்றரைக் கோடி யுவானுக்கு மேல் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டு, 2024 நவம்பரில் நூறு வயதில் மறைந்தார்.

அவர் தோய்ந்தது ‘ட்ஸு’ என்ற பாடல் வகையில். நம் சினிமாப் பாட்டைப் போல, இருக்கிற மெட்டுக்கு வார்த்தை எழுதுவது அது. மெட்டுக்கேற்ப அடிகள் நீளும், குறுகும். விருந்துகளில் பாடகியர் பாடுவதற்கென வளர்ந்த இந்த வடிவம் சோங் அரச காலத்தில் (960–1279) உச்சம் தொட்டது. அதற்கு முன்பே, ஒன்பதாம் நூற்றாண்டில், வென் டிங்யுன் எழுதிய பாட்டொன்றில் ஒரு பெண் தாமதமாக எழுந்து புருவம் தீட்டுகிறாள். முன்னும் பின்னும் கண்ணாடி பிடித்துத் தலையில் சூடிய பூவைப் பார்க்கிறாள். சங்கதி அவ்வளவுதான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் விமர்சகர் ஜாங் ஹுய்யன் அவளை, அரசன் கண்டுகொள்ளாத நல்ல அறிஞனாக வாசித்தார். வென்னின் வாழ்க்கையில் இதற்கு ஆதாரமே இல்லை என்று யே தொடக்கத்தில் மறுத்தார். பின்னாளில் சற்று இளகினார்: எழுதியவன் நினைக்காததையும் வாசகர் மனத்தில் கிளப்பும் ஆற்றல் ட்ஸுவுக்கு இருக்கிறது, ஆனால் அதையே கவிஞனின் நோக்கம் என்று சாதிக்கக் கூடாது என்றார்.

இந்த வழக்கு தமிழருக்குப் புரியாததா? ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். அவர் பணிக்க, திருக்குருகைப்பிரான் பிள்ளான் திருவாய்மொழிக்கு ஆறாயிரப்படி உரை எழுதினார். நம்மாழ்வார் தலைவியாகப் புலம்பும் பதிகங்களை உயிரின் ஏக்கமாக வாசிப்பது உரைகாரர் மரபு. இரண்டும் ஒன்றா என்று ஒருவர் மறுக்கலாம், மறுப்பு நியாயமானது. ஆழ்வார் பாட்டிலேயே திருமால் இருக்கிறான், வென் பாட்டிலோ அரசனுமில்லை, அமைச்சனுமில்லை. ஆகவே சங்க அகப்பாட்டே நெருங்கிய உறவு. அங்கே தலைவன் தலைவிக்குப் பெயர் சொல்லக் கூடாது என்பது விதி; பெயரில்லாத இடத்தில்தான் யாரும் வந்து நிற்க முடிகிறது.

ஆங்கிலத்தில்தான் மொழிபெயர்ப்புகள் கிடைக்கின்றனவே, தமிழில் எதற்கு என்று கேட்பவருக்கும் பதில் இதிலேயே இருக்கிறது: அகப்பாட்டில் பழகியவருக்கு அந்தப் பெண்ணின் மௌனத்தை விளக்க அடிக்குறிப்பு வேண்டாம். ஆனால் இந்தப் பழக்கமே ஆபத்தும்கூட. பார்த்த மாத்திரத்தில் உள்ளுறை தேடும் கண், ஜாங் ஹுய்யன் செய்ததையே செய்யும். வென் எந்த மெட்டுக்கு, எந்தச் சபைக்கு எழுதினார் என்று தெரிந்தவர்தான் அதைத் தடுக்க முடியும். தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து சில மாதங்களில் கற்கும் சீனம் இயந்திரத்துக்குப் போதும், இதற்குக் காணாது.