ஊர்காவற்றுறை: ஒரு துறையை நம்பி வாழும் தீவுகள்

யாழ்ப்பாணப் பட்டினத்தில் இருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து வேலணைத் தீவின் வடமேற்கு முனைக்குச் சென்றால் ஊர்காவற்றுறையை அடையலாம். இன்று அங்கு பெரிய கப்பல்கள் எவையும் இல்லை. எனவே இதனை ஒரு துறைமுகம் என்று சொல்லப் பலர் தயங்குகின்றனர். ஆனால் துறைமுகம் என்பது கப்பலை மட்டும் கொண்டு அளக்கப்படுவதன்று. எத்தனை ஊர்களின் வாழ்க்கை அதன் வழியாகச் செல்கின்றது என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

முதலில் இவ்விடத்தில் துறை ஏன் அமைந்தது என்று பார்ப்போம். யாழ்ப்பாணத்தை அடுத்துள்ள பரவைக்கடல் ஆழமற்றது. பெரிய மரக்கலங்கள் பட்டினம் வரை வரமுடியாது. கடல்நீரேரியின் மேற்கு வாயிலில் உள்ள ஊர்காவற்றுறையில் அவை தங்கின. அங்கிருந்து சிறு வள்ளங்கள் பொருட்களை உள்ளே கொண்டு சென்றன.

இத்துறையின் பழமைக்கு நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு சான்றாகும். அது முதலாம் பராக்கிரமபாகு மன்னன் (1153 - 1186) பொறிப்பித்தது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்று அது கூறுகின்றது. யானை, குதிரை ஏற்றிவந்த கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, எஞ்சியது உடையவனுக்கு. பிற வணிகப் பொருள் ஏற்றிய கலமாயின் பாதிக்குப் பாதி. இழப்புற்றவனை முற்றாகக் கைவிடாத துறைக்கே வணிகர் மீண்டும் வருவர் என்பதை அன்றே அறிந்திருந்தனர்.

பின்னர் வன்னியில் பிடிக்கப்பட்ட யானைகள் இத்துறையினூடாக ஏற்றுமதியாயின. 'யானைத்துறை' எனப் பொருள்படும் போர்த்துக்கேயப் பெயரில் இருந்தே 'கயிற்ஸ்' என்ற ஆங்கில வழக்கு வந்தது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடைப்பட்ட நீரில் போர்த்துக்கேயர் கட்டிய கடற்கோட்டை 1658இல் ஒல்லாந்தர் வசமாயிற்று. துறையைக் காப்பவரே குடாநாட்டின் வாயிலைக் காத்தனர்.

1905இல் கொழும்பில் இருந்து காங்கேசன்துறை வரை புகையிரதம் ஓடத் தொடங்கியது. சரக்கு தரைவழியை நாடியது. பாய்க்கப்பல்களின் காலமும் மெல்ல முடிந்தது. 1990களின் தொடக்கத்தில் போர் தீவகத்தை எட்டியபோது மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். வீடுகளும் தோட்டங்களும் பற்றை மூடின.

ஆயினும் துறையின் பணி ஓயவில்லை. அனலைதீவு, எழுவைதீவு மக்கள் படகேறி இங்குதான் இறங்குகின்றனர். வைத்தியசாலை, நீதிமன்றம், பிரதேச செயலகம் என்பன இங்குள்ளன. அத்தீவுகளுக்கு அரிசியும் எரிபொருளும் படகிலேயே போகவேண்டும். அங்கு பிடிபடும் மீனும் படகிலேயே வரவேண்டும். காரைநகருக்கு 'பாதை' எனப்படும் மிதவை செல்கின்றது. அது ஓடாத நாளில், கண்ணுக்கு எதிரே தெரியும் கரையை அடைய யாழ்ப்பாணம் சென்று சுற்றிவர வேண்டும்.

இரவில் நோவு கண்ட ஒரு தாயை எண்ணிப்பாருங்கள். கடல் கொந்தளிக்கும் மாரியில் அவளுக்கு வைத்தியசாலை எவ்வளவு தூரம் என்பதைக் கட்டைக் கணக்கு சொல்லாது. படகு உண்டா, ஓட்டி உண்டா, இறங்குதுறையில் வாகனம் நிற்குமா என்பவையே அதனைத் தீர்மானிக்கும். இவற்றில் ஒன்று தவறினாலும் மற்றவை பயனற்றுப் போகும்.

எனவே தீவுகளின் அபிவிருத்தியைப் பற்றிப் பேசும் நாம் படகு, இறங்குதுறை, பஸ் மூன்றையும் ஒன்றாகத் திட்டமிட வேண்டும். படகு வந்து சேருமுன் பஸ் புறப்பட்டால் ஒரு நாட்கூலி போய்விடும். ஒரு பிள்ளையின் பரீட்சையும் தவறலாம். நேரசூசியை வகுக்கும்போது அப்படகில் நாளாந்தம் பயணம் செய்வோரையும் கேட்பது செலவில்லாத முதற்படி. துறையை ஊர்காவற்றுறையின் சொத்தாக மட்டும் கருதாது, அதனை நம்பியிருக்கும் எல்லாத் தீவுகளினதும் வாசலாகக் கருதிப் பேணுவோமாக.