கடலுக்குக் குளத்தில் ஒத்திகை

1959 ஏப்ரல் 13. வடக்குக் கல்கத்தாவின் தேஷ்பந்து பூங்காக் குளத்தைச் சுற்றிப் பெருங்கூட்டம். தண்ணீரில் 18 வயது ஆரதி சாஹா. எட்டு மணி நேரம் கரையேறாமல் நீந்திக் காட்டினார். பிற்பாடு ஒரே மூச்சில் 16 மணி நேரம் என்று பயிற்சி நீண்டது. இலக்கு, ஆங்கிலக் கால்வாய்.

ஆகஸ்ட் 27 அன்று நடந்த முதல் முயற்சி தோல்வி. கரைக்குச் சில மைல்களே பாக்கியிருந்தபோது எதிர் நீரோட்டம் மறித்துவிட்டது. செப்டம்பர் 29-ல் மீண்டும் இறங்கினார். பிரான்சின் கிரி நே முனையிலிருந்து இங்கிலாந்துக் கரைக்கு 16 மணி 20 நிமிடங்கள். ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண் அவர்தான்.

நீடித்து நீந்தும் தெம்பைக் குளம் தந்தது. நீரோட்டத்தை அது சொல்லித் தரவில்லை. கடல் நீச்சலுக்கு ஆசைப்படும் இந்தியர்கள் பலருக்கு இன்றும் இதே சிக்கல்தான். கடல் தொலைவில், கைக்கு எட்டுவது நான்கு சுவருக்குள் நீலத் தண்ணீர்.

கணக்கைப் பாருங்கள். கால்வாயின் மிகக் குறுகிய இடம் சுமார் 34 கி.மீ. 50 மீட்டர் நீச்சல் குளத்தில் இது 680 நீளம். 25 மீட்டர் குளத்தில் 1,360. ஒவ்வொரு முனையிலும் சுவரைக் காலால் உந்தும்போது சில மீட்டர் இனாமாகக் கிடைக்கிறது, தோளுக்கும் ஒரு விநாடி ஓய்வு. கடலில் சுவர் ஏது? அதனால் சுவரைத் தொடாமல், அதற்குச் சற்று முன்பே தண்ணீரிலேயே திரும்பி நீந்தப் பழக்குகிறார்கள். வேகம் செத்துப்போய் மறுபடி முதலிலிருந்து இழுக்க வேண்டும். குளத்தில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவர்களுக்கும் முதல் நாளிலேயே மூச்சு வாங்கும்.

அடுத்தது தரையில் ஓடும் கறுப்புக் கோடு. அதைப் பார்த்தே நீந்தியவருக்குக் கடல் குருட்டு இருட்டு. பெரும்பாலோருக்கு ஒரு கை பலமாக இழுக்கும். நேராகப் போவதாக நினைத்துக்கொண்டே வளைந்து போவார்கள். சோதனை எளிது. ஆளில்லாத தடத்தில் கண்ணை மூடிப் பத்துப் பதினைந்து முறை கைவீசினால், எந்தப் பக்கத்துக் கயிற்றில் கை இடிக்கிறது என்பதில் குட்டு வெளிப்பட்டுவிடும். பார்வைக்கும் தனிப் பயிற்சி உண்டு. முதலையைப் போலக் கண் மட்டும் நீருக்கு மேலே வர வேண்டும். தலையை முழுதாகத் தூக்கினால் இடுப்பு அமிழ்ந்துவிடும். குளத்தின் முனையில் ஒரு சிவப்பு வாளியை வைத்துவிட்டால் போதும், அதுவே கலங்கரை விளக்கம். இரண்டு பக்கமும் மூச்சிழுக்கத் தெரிந்திருப்பதும் அவசியம். அலை எந்தப் பக்கத்திலிருந்து அறையும் என்று யார் கண்டது?

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கிலிருந்து 10 கி.மீ. திறந்தவெளி நீச்சலும் பந்தயமாகிவிட்டது. அங்கே தடம் பிரிக்கும் கயிறு கிடையாது. முழங்கை இடியும் குதிகால் உதையும் சகஜம். ஒரே தடத்தில் நான்கு பேரை நெருக்கி நீந்தவிடுவது அதற்கான ஒத்திகை.

சாப்பாடும் ஒரு வித்தை. கால்வாய் நீச்சலில் துணைப் படகைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. கயிற்றிலோ கழியிலோ நீட்டப்படும் பானத்தை மிதந்தபடியே குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். ஆகவே குளத்திலும் அரை மணிக்கு ஒருமுறை சுவரைப் பிடிக்காமல் குடிக்கப் பழக வேண்டும். தோளைப் போல வயிற்றையும் பழக்கியாக வேண்டும்.

குளத்துக்குக் கைவராத ஒன்று, குளிர். கோடையிலும் கால்வாயின் வெப்பநிலை 14 முதல் 18 டிகிரிதான். சாதாரண நீச்சலுடை, தொப்பி, கண்ணாடி, உடம்பில் கொழுப்புப் பூச்சு, அவ்வளவே அனுமதி. முன்னதாக 16 டிகிரி அல்லது அதற்கும் குறைந்த நீரில் ஆறு மணி நேரம் நீந்தியதற்குச் சான்றும் காட்ட வேண்டும். நம் ஊர்க் குளத்தில் அதற்கு எங்கே போவது? பனிக்கட்டித் தொட்டியில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் உட்கார்ந்திருப்பதும் நீந்துவதும் ஒன்றல்ல. சில வாரங்கள் முன்பே டோவர் போய் உடம்பைப் பழக்குவதுதான் வழி. அதற்கான செலவில்தான் பலருடைய கனவு கரை தட்டி நிற்கிறது.

ஆனாலும் கடலே இல்லாத ராஜஸ்தானிலிருந்து ஒருவர் கிளம்பினார். உதய்பூரில் வளர்ந்த பக்தி சர்மாவுக்குப் பயிற்சியாளர் அவருடைய தாயார் லீனாவே. 2006-ல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். 2008-ல் தாயும் மகளும் தோழி ஒருவருடன் சேர்ந்து அதையே தொடர் நீச்சலாகவும் முடித்தார்கள். 2015 ஜனவரியில் அன்டார்டிகாவில், சுமார் ஒரு டிகிரி குளிரில், 2 கி.மீட்டருக்கு மேல் நீந்தினார். பாலைவன மாநிலத்துப் பெண் பனிக்கடலில்!

குளிரைப் பற்றியே பேசுகிறோம், வெப்பமும் கொல்லும். 2010 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில், வெதுவெதுப்பான கடலில் நடந்த 10 கி.மீ. பந்தயத்தில் அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன் இறந்துபோனார். நீரின் வெப்பம் 31 டிகிரியைத் தாண்டினால் பந்தயம் கூடாது என்ற விதி அதற்குப் பிறகுதான் வந்தது. மே மாதத்தில் நம் திறந்தவெளிக் குளங்களில் நீந்துபவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்வது நல்லது. தண்ணீருக்குள் வியர்ப்பது தெரிவதில்லை, தாகமும் தாமதமாகத்தான் எட்டிப் பார்க்கும்.

இத்தனைக்கும் நடுவே இன்னொரு தலைவலி: நம் பொதுக் குளங்களில் மணிக்கு ஒரு 'பேட்ச்'. விசில் ஊதினால் வெளியேற வேண்டியதுதான். எட்டு மணி நேரத்தை யார் தருவார்கள்? இந்த விஷயத்தில் வங்காளிகள் பாக்கியசாலிகள். முர்ஷிதாபாத் மாவட்டத்தில் ஜங்கிபூரிலிருந்து பஹரம்பூர் வரை பாகீரதியில் 81 கி.மீ. நீச்சல் போட்டியே நடத்துகிறார்கள். ஆற்றில் விசில் ஊத ஆளில்லை. சுவரும் இல்லை.